ஆனைமலைச் சாரலில் விதைகளின் பயணம்

இலவு காத்த கிளியின் கதை தமிழர் அனைவரும் அறிந்ததே. காய் பழுக்கும், பழம் உண்ணலாம் என்று நாள்தோறும் காத்திருந்த கிளி, இறுதியில் காய் வெடித்துப் பஞ்சு பறப்பதைக் கண்டு ஏமாந்தது என்பர். கிளியின் பேதைமைக்கு நாம் இரங்குகிறோம். இலவமரத்தின் கருத்து யாதென்று எவரும் வினவுவதில்லை. இலவம் கிளிக்காகக் காய்க்கவில்லை, காற்றுக்காகக் காய்த்தது. பஞ்சு சூழ்ந்த அதன் விதை காற்றில் மிதந்து நெடுந்தொலைவு செல்லவேண்டும் என்பதே அம்மரத்தின் ஏற்பாடு.

வேரூன்றிய மரம் இடம்விட்டுப் பெயர இயலாது. ஆயினும் அதன் சேய்கள் தாயின் காலடியிலேயே வளரவும் இயலாது. தாய்மரத்தின் நிழலில் ஒளி குறைவு. மண்ணிலுள்ள நீரையும் சத்தையும் தாயின் வேர்களே முன்னதாகக் கவர்ந்துகொள்ளும். தாயைத் தின்று பழகிய புழுவும் பூஞ்சணமும் அருகிலுள்ள கன்றுகளை எளிதில் பற்றிக்கொள்ளும். ஆதலின் ஒவ்வொரு மரமும் தன் விதையை யாரேனும் ஒருவரிடம் ஒப்படைத்து வெளியூருக்கு அனுப்பவேண்டியதாகிறது. இலவமும் எருக்கும் காற்றிடம் ஒப்படைக்கின்றன. தென்னை கடல்நீரிடம் ஒப்படைக்கிறது. நாயுருவி வழிப்போக்கரின் ஆடையிலும் கால்நடைகளின் மயிரிலும் ஒட்டிக்கொண்டு செல்கிறது. ஆலும் அரசும் பறவைகளுக்குப் பழவிருந்து அளித்து, அவற்றின் வயிற்றில் தம் விதைகளை ஏற்றி அனுப்புகின்றன. காசித்தும்பையோ எவரையும் நம்பாது, முற்றிய காயைத் தானே வெடிக்கச் செய்து விதைகளை எறிகிறது.

விதை உண்டாவதற்கு முன்னரும் ஒரு பயணம் உண்டு. ஒரு பூவின் மகரந்தம் மற்றொரு பூவின் சூல்முடியை அடையவேண்டும். பனைக்குக் காற்று இதற்குத் துணைசெய்கிறது. எண்ணற்ற மரங்களுக்கு வண்டும் ஈயும் தேனீயும் துணை. ஆகவே ஒரு மரத்தின் வாழ்நாளில் பிறரை நம்பியிருக்கும் காலங்கள் இரண்டு: ஒன்று பூவின் காலம்; மற்றொன்று விதையின் காலம். இவ்விரண்டில் எதிலேனும் தூதர் வராது போனால், மரம் எத்துணைப் பெரிதாயினும் அதன் குலம் அதனோடு முடிந்துவிடும்.

தூதர் வந்தால் என்ன நேரும், வராவிடில் என்ன நேரும் என்பதனை ஒரே ஊரின் எல்லைக்குள் காண விரும்புவோர் முதலமடையைக் காணலாம். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே இருப்புப்பாதையில் சென்ற அன்பர்களுக்கு அவ்வூர் புதிதன்று. விழுதுகள் தொங்கும் ஆலமரங்களின் நிழலிலே அமைந்த அதன் சிறு புகைவண்டி நிலையத்தை ஒருமுறை கண்டவர் மறவார். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதி கேரளத்தோடு இணைந்தது. எனினும் அங்குள்ள வீடுகள் பலவற்றில் இன்றும் தமிழே தாய்மொழி. ஊரின் ஒருபுறம் மாந்தோப்புகள். மறுபுறம் ஆனைமலையின் அடர்காடு. பரம்பிக்குளம் என்னும் புகழ்பெற்ற காடும் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்ததே. ஆயினும் ஊரிலிருந்து தன் காட்டுக்குச் செல்ல நேரான சாலை இல்லை. பொள்ளாச்சி வந்து, சேத்துமடை ஏறி, தமிழ்நாட்டின் டாப்ஸ்லிப் வழியாகவே செல்லவேண்டும். மனிதருக்குத்தான் இவ்வளவு சுற்றுவழி. விதைகளைச் சுமக்கும் பறவைகளுக்கு எல்லைச் சாவடி கிடையாது.

முதலில் காட்டின் வரலாற்றைக் காண்போம். அவ்வரலாறு தேக்கு மரத்தோடு பின்னிப் பிணைந்தது.

பரம்பிக்குளத்தில், தூணக்கடவுக்கு அருகே, கன்னிமரத் தேக்கு என்னும் பெருமரம் ஒன்று நிற்கிறது. அதன் அகவை ஏறத்தாழ 450 ஆண்டுகள் என மதிப்பிட்டுள்ளனர். உயரம் 40 மீட்டருக்கு மேல். அடிமரத்தைத் தழுவ ஐந்தாறு பேர் கைகோக்கவேண்டும். அதனை வெட்ட முனைந்தபோது மரத்திலிருந்து குருதி பீறிட்டது என்றும், வெட்டியவர்கள் அஞ்சி விலகினர் என்றும், அன்றுமுதல் அது கன்னிமரமாகப் போற்றப்படுகிறது என்றும் மலைவாழ் மக்கள் கூறுவர். அம்மரத்தின் தோழர்களைக் காக்க அத்தகைய கதை ஏதும் இருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கு மலையாளக் கரையின் தேக்கு தேவைப்பட்டது. 1817இல் அங்கே வெள்ளோட்டம் விடப்பட்ட 'டிரிங்கோமாலி' என்னும் போர்க்கப்பல் அத்தேக்கால் ஆனது. நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய அக்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. மரம் அவ்வளவு உறுதி. அதனால்தான் கோடரியும் அவ்வளவு விரைந்தது. கரைக்கு அண்மையிலுள்ள காடுகள் ஒழிந்தபின் ஆனைமலையின் மீது கண் விழுந்தது. 1848இல் ஜேம்ஸ் மைக்கேல் என்னும் இளம் படை அலுவலர், ஆனைமலைக் காடுகளில் மரம் வெட்டும் பணியையும் காட்டுக் காவலையும் மேற்பார்க்க அமர்த்தப்பட்டார். மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் நழுவவிட்ட இடமே டாப்ஸ்லிப் எனப் பெயர் பெற்றது. 1907 முதல், கொச்சி அரசின் காட்டு டிராம் பாதை பரம்பிக்குளத்து மரங்களைச் சாலக்குடிக்கு இறக்கிச் சென்றது.

வெட்டியவர்கள் மீண்டும் வளர்க்க எண்ணியபோதுதான் ஓர் இடர் எதிர்ப்பட்டது. தேக்கின் விதை எளிதில் முளைக்கவில்லை.

தேக்கின் பூ வெண்மையான சிறு பூ. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்காகப் பூக்கும். ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும். அந்த ஒரு நாளுக்குள் தேனீயோ பிற பூச்சியோ வேறொரு மரத்தின் மகரந்தத்தைக் கொணர வேண்டும். ஆதலால் நூறு பூக்களில் ஒன்றிரண்டே காயாகின்றன. காயும் சிறு கல் போன்றது. காற்று நிரம்பிய காகிதப்பை போன்ற உறைக்குள் இருப்பது. அப்பை காற்றில் உருளவும் வெள்ளத்தில் மிதக்கவும் உதவும். உள்ளே நான்கு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு விதைக்கு இடம் உண்டு. முதல் மழையில் எல்லா விதைகளும் முளைத்துவிடா. வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, மீண்டும் காய்ந்து ஓடு நெகிழ்ந்த பின்னரே முளைவிடும். சில முதலாண்டிலும், சில இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளிலும் முளைக்கும். இது விதையின் சோம்பல் அன்று, முன்யோசனை. ஓர் ஆண்டு மழை பொய்த்தாலும் குலம் முழுதும் அழிந்துபோகாது.

1840இல் மலபார் மாவட்டக் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைக்கத் திட்டமிட்டபோது, இந்தக் கல்விதைகளே அவருக்குச் சோதனையாயின. முதல் முயற்சிகள் தோற்றன. பின்னர் சாத்து மேனோன் என்னும் அலுவலரின் பொறுப்பில், விதைகளை நீரில் ஊறவைத்து, நாற்றங்காலில் இட்டு, வைக்கோலால் மூடி, நாள்தோறும் நீர் தெளித்து முளைக்கவைக்கும் முறை கைவந்தது. மழையும் வெயிலும் பல ஆண்டுகளில் செய்யும் வேலையைச் சில வாரங்களில் செய்துமுடிக்கும் கலை அது. 1844 முதல் கன்றுகள் செழித்தன. சாத்து மேனோன் 1862 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தேக்குக் கன்றுகளை நடுவித்தார். உலகில் முறையாக வளர்க்கப்பட்ட தேக்குத் தோட்டங்களுள் அது மிகப் பழமையானது என்பர். அங்கே நட்ட மரங்களுள் சில இன்றும் நிற்கின்றன.

ஆனைமலையில் இப்பணியைப் பின்னர்த் தொடர்ந்தவர் ஹியூகோ வுட் என்னும் காட்டு அலுவலர். அவர் தம் சட்டைப்பையில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் நிலத்தில் குழி செய்து, நடந்த வழியெல்லாம் விதைத்துச் சென்றார் என அவ்வட்டாரத்தார் சொல்லுவர். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்ஸ்லிப்பில் தேக்கு மரங்களுக்கு இடையே உள்ளது. என்னை அறிய விரும்பினால் சுற்றிலும் பாருங்கள் என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகம் அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. காற்றும் வெள்ளமும் செய்த தொழிலை ஒரு மனிதர் தம் தொழிலாக ஏற்றுக்கொண்டதற்கு இது நல்ல சான்று.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. மனிதன் தேக்கை மட்டுமே சுமந்தான். அவனுக்கு வேண்டியது அதுவே. ஒரே மரம் வரிசை வரிசையாக நிற்கும் இடம் தோட்டமாகலாம், காடு ஆகாது. ஆனைமலைக் காட்டில் நூற்றுக்கணக்கான வகை மரங்கள் உள்ளன. அவற்றுள் காட்டு ஜாதி, கருங்குங்கிலியம் போன்றவற்றின் விதைகள் பெரியவை. காற்று அவற்றைத் தூக்காது. சிறு குருவி விழுங்க இயலாது. அவற்றைச் சுமப்பவர் யார்?

இருவாட்சி என்னும் பெரும்பறவையே அவற்றைச் சுமப்பவருள் தலையாயது. கேரளத்தின் மாநிலப் பறவையும் அதுவே. இனப்பெருக்கக் காலத்தில் பெண் பறவை முதுமரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலும் உணவின் மிச்சத்தாலும் வாயிலை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு ஒன்று மட்டும் எஞ்சும். ஆண் பறவை மாதக்கணக்கில் காடெங்கும் திரிந்து பழங்களைக் கொணர்ந்து, அப்பிளவின் வழியே ஊட்டும். 1990களின் தொடக்கத்தில் ஆனைமலையில் இப்பறவையின் இல்வாழ்வை ஆராய்ந்த ரகுபதி கண்ணன் முதலியோர், ஆல் அத்தி இனப் பழங்களே அதன் முதன்மை உணவு எனக் கண்டனர். பழத்தின் சதையை உண்டபின் பெரிய விதைகளைப் பறவை வாய்வழியே வெளியேற்றிவிடும். அவ்விதை விழும் இடம் தாய்மரத்திலிருந்து நெடுந்தொலைவாக இருக்கலாம். இவ்வாறு ஒவ்வொரு பறவையும் ஓர் உழவனாகிறது.

அத்தி பூத்தாற்போல என்று அரிய நிகழ்ச்சியைக் குறிக்கிறோம். உண்மையில் அத்தி ஆண்டுதோறும் பூக்கிறது. பூக்கள் அனைத்தும் காய்க்குள் மறைந்திருப்பதால் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அக்காயின் சிறு துளை வழியே நுழைந்து மகரந்தம் சேர்க்க, அவ்வினத்துக்கெனவே வாழும் நுண்ணிய குளவி உண்டு. ஆலுக்கு ஒரு குளவி. அரசுக்கு மற்றொரு குளவி. குளவி இல்லையேல் அத்திப்பழம் இல்லை. பழம் இல்லையேல் இருவாட்சி இல்லை. இருவாட்சி இல்லையேல் கருங்குங்கிலியத்தின் விதை தாயின் காலடியிலேயே கிடந்து மடியும். கருங்குங்கிலியம் இல்லையேல், அதன் பிசினைத் திரட்டி விற்று வாழும் காடர் குடிக்கு வருவாய் இல்லை. எறும்பினும் சிறிய ஒரு குளவியிலிருந்து ஒரு குடும்பத்தின் அடுப்பு வரை இச்சங்கிலி நீண்டுசெல்கிறது.

இதனைக் காடர்கள் நன்கு உணர்ந்தனர். பரம்பிக்குளத்துக்கு அடுத்த வாழச்சால் காட்டில், முற்காலத்தில் இருவாட்சிக் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்துவந்தவர்களும் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து காடர்களே காட்டுத் துறையோடு இணைந்து பொந்து மரங்களைக் கணக்கெடுத்துக் காவல் புரிகின்றனர். மரமேறிக் கூடு கண்டறியும் பழைய திறமையே கூட்டைக் காக்கும் திறமையாயிற்று. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவுகள்போல் எஞ்சிய சோலைகளில், அறிவியலார் காட்டு விதைகளைத் திரட்டி நாற்று வளர்த்து நட்டு வருகின்றனர். ஹியூகோ வுட் ஒரே மர விதையைச் சுமந்தார்; இவர்கள் பற்பல மரங்களின் விதைகளைச் சுமக்கின்றனர். மனிதனின் அறிவு வளர்ந்திருப்பதற்கு இது அடையாளம்.

பறவை நல்ல விதை, தீய விதை என்று பாராது என்பதும் உண்மையே. அழகுக்காகவும் வேலிக்காகவும் அமெரிக்க நாடுகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, கொண்டைக்குருவிகளின் வாயிலாகக் காடெங்கும் பரவியது. இன்று ஆனைமலையிலும் அது புதராக மண்டி, உள்நாட்டுக் கன்றுகளை எழவிடாது தடுக்கிறது. குருவியைக் குறைகூறிப் பயனில்லை. கப்பலில் ஏற்றிவந்தவன் மனிதன்.

இனிக் காட்டிலிருந்து இறங்கி மாந்தோப்புக்கு வருவோம்.

முதலமடை மாம்பழம் இந்தியச் சந்தைகளுக்கு மிக முன்னதாக வரும் மாம்பழங்களுள் ஒன்று. பிற இடங்களில் மா பூத்துக் காய்க்கும்போதே முதலமடையில் பழம் பறிக்கத் தொடங்கிவிடுவர். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய அவ்விடத்தின் வெப்பமும் காற்றும் இதற்குக் காரணம். டில்லியிலும் பம்பாயிலும் வாழும் அன்பர்கள் பருவத்தின் தொடக்கத்தில் வாங்கும் அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம் முதலியவற்றில் சில, அவ்வூர்த் தோப்புகளிலிருந்து வந்தவையாகவே இருக்கலாம்.

மாவின் விதை தேக்கின் விதைக்கு நேர்மாறானது. காத்திருக்க அதற்குத் தெரியாது. உலர்ந்தால் சில வாரங்களில் உயிர் இழந்துவிடும். யானையும் குரங்கும் பழந்தின்னி வௌவாலும் சிறிது தொலைவு கொண்டுசெல்லக்கூடும். ஆனால் கடல் கடந்து செல்வதற்கு மாவுக்கு மனிதனே துணையானான். போர்த்துக்கேயர் அதனை ஆப்பிரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் கொண்டுசென்றனர். 1782இல் மொரீஷியஸிலிருந்து மாங்கன்றுகளை ஏற்றிச்சென்ற பிரெஞ்சுக் கப்பலொன்றை ஆங்கிலேயர் கைப்பற்ற, அக்கன்றுகள் ஜமைக்காத் தீவில் இறங்கின. 1889இல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஒட்டுக்கன்றுகளுள் ஒன்று, நம் மல்கோவாவின் பெயரைத் தாங்கி 'மல்கோபா' என வழங்கியது. அதன் விதையை 1902இல் புளோரிடாவில் ஒருவர் ஊன்றினார். 1910இல் அது காய்த்தபோது, தாய்க்கு இல்லாத செந்நிறம் சேயின் பழத்தில் படர்ந்திருந்தது. 'ஹேடன்' எனப் பெயர்பெற்ற அம்மரத்தின் வழித்தோன்றல்களே இன்று உலகச் சந்தைகளில் பெரிதும் விற்கும் செம்மாம்பழங்கள்.

தாயைப்போல் சேய் இல்லாது போனது ஏன்? பூவின் காலத்தில் வேறொரு மரத்தின் மகரந்தம் கலந்ததே காரணம். அல்போன்சா, நீலம், மல்கோவா ஆகியவற்றின் கொட்டையில் ஒரே கரு உண்டு. அதில் தாயும் தந்தையும் கலந்திருப்பர். ஆதலின் அவற்றை ஒட்டுக்கட்டியே பெருக்குகின்றனர். மேற்குக் கரையின் சந்திரக்காரன் முதலிய நாட்டு மாவகைகளிலோ ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் எழும். அவற்றுள் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே தோன்றுவதால், மரம் தாயின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும்.

ஒட்டுக்கட்டும் கலை விதையின் பயணத்தையே தேவையற்றதாக்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் பழம் வேண்டுமெனில் பூவின் காலம் இன்னும் தேவை. மாம்பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான பூக்கள். அவற்றுள் பல ஆண்பூக்கள். எஞ்சியவற்றிலும் மிகச் சிலவே காயாக நிலைக்கும். மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்களே. முதலமடைத் தோப்புகளில் இலைப்பேனும் தத்துப்பூச்சியும் பூக்களைத் தாக்கியபோது உழவர் நஞ்சு தெளித்தனர். தெளித்த நஞ்சு பகையையும் நட்பையும் ஒருசேரக் கொன்றது. தோப்புகளில் தெளித்த எண்டோசல்பான் மனிதர் உடலுக்கும் கேடு விளைவிக்கும் என்ற குரல் கேரளத்தில் ஓங்கி எழுந்தது. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சை நாடு முழுவதும் தடுத்து நிறுத்தியது. பூச்சியைக் கட்டுப்படுத்துவது உழவனுக்குக் கட்டாயமே. ஆயினும் பூத்திருக்கும் வேளையில் ஈயையும் தேனீயையும் ஒழித்துவிட்டுக் காயை எதிர்பார்ப்பது, இலவு காத்த கிளியின் செயலினும் பேதைமை உடையது.

காடும் தோப்பும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. மரம் தன் குலத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கிறது. சென்ற 180 ஆண்டுகளில் அப்பொறுப்பின் ஒரு பகுதியை மனிதன் தன் கையில் எடுத்துக்கொண்டான். தேக்கையும் மாவையும் அவன் நன்றாகவே சுமந்தான். ஆனால் அவனால் சுமக்க இயலாதவை எண்ணிலடங்கா. அவற்றுக்காக இருவாட்சியையும், குளவியையும், ஈயையும் விட்டுவைப்பதே அவன் செய்யக்கூடிய பேருதவி.

தாயகத்துக்கு வெளியே வாழும் அன்பர்கள் இவ்வுண்மையைத் தம் தெருவிலேயே காணலாம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் பழைய மதில்களின் பிளவில் முளைத்திருக்கும் அரசங்கன்றை எவரும் நட்டதில்லை. ஏதோ ஒரு பறவை இட்டுச்சென்றது. கோடை விடுமுறையில் ஊர் சென்று திரும்பும்போது, நாட்டு மாவின் கொட்டை ஒன்றை நீங்களும் கொண்டுவரலாம். கழுவி, வெயிலில் உலரவிடாமல் ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்து, மேலோட்டை மெல்லப் பிளந்து நீக்கி, ஒரு வாரத்துக்குள் மண்ணில் இடுங்கள். பல முளைகள் எழுந்தால் திடமானதை நிறுத்திக்கொள்ளுங்கள். காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் நீங்கள் வேறு நகருக்கு மாற்றலாகியும் போகலாம். அதனால் குறையில்லை. பழத்தை யார் உண்டாலும், கொட்டையை அடுத்த மண்ணுக்குச் சுமந்து சேர்த்தவர் நீங்களே.